முருகைக்கல் வேலியும் பட்டைத் தண்ணீரும்

நெடுந்தீவின் கல்வேலியை நின்று பார்க்க வேண்டிய நேரம் காலை. கிழக்கு வெயில் சாய்வாக விழும்போது வேலியின் இடுக்குகளுக்குள்ளால் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் மறுபக்கத்து மணலில் சிதறிக் கிடக்கும். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கட்டுக்கயிறு இல்லை. முருகைக்கல்லைக் கல்லின்மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் தீவில் மண் கொஞ்சம், கீழே எல்லாம் கல். பயிர் வைப்பதானால் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்காவது போட வேண்டும். ஆடு மாடு உள்ளே வராமல் மறிக்கவும் வேண்டும். மூன்று தேவையையும் ஒரே வேலையில் முடித்துவிட்ட முன்னோரின் கெட்டித்தனத்தை எண்ண எண்ண எனக்கு இனிக்கிறது.

கிட்டப் போய் ஒரு கல்லைத் தொட்டுப் பாருங்கள். அதன் முகத்தில் நுணுக்கமான குழிகள் வரிசை வரிசையாக இருக்கும். சில வட்டம், சில நட்சத்திரம். ஒவ்வொரு குழியும் ஒருகாலம் ஒரு பவள உயிர் குடியிருந்த அறை. கடலுக்கடியில் அவை கட்டிய வீடுகளை எடுத்துத்தான் நாங்கள் எங்கள் வீட்டுக்கு எல்லை போட்டிருக்கிறோம்.

அடுக்குவதில் ஒரு முறை இருக்கிறது. அடியில் பெரிய கல். இரண்டு முகமும் மேலே போகப்போகச் சற்று உள்நோக்கிச் சாய வேண்டும். இடையிடையே நீளக் கல்லைக் குறுக்கே வைத்து இரண்டு முகத்தையும் பிணைக்க வேண்டும். இதை அப்பா எனக்குச் சொல்லித்தந்தார். நான் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் உடனே வைப்பதில்லை. திருப்பிப் பார்ப்பான், மறுபடி திருப்புவான், பிறகு வைத்துவிட்டுக் காதைச் சரிப்பான். சரியாக இருந்துவிட்ட கல் தட்டினால் அடங்கிய ஒலி தரும், இருக்காத கல் கிலுகிலுக்கும். அந்த ஒலிக்காக அவன் காத்திருக்கிற முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வேலையை மெல்லச் செய்கிறேன்.

ஒருநாள் கேட்டான்: "ஓட்டையளை அடைச்சால் என்ன, அப்பா?"

"காத்துப் போக வழி விடோணும், தம்பி. சோழகம் வந்து முட்டினால் அடைச்ச சுவர்தான் முதல் விழும்."

வைகாசியிலிருந்து புரட்டாதி மட்டும் தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் சோழகத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கல்லைவிட அருமையானது தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்லநீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. அந்த நல்லநீரைப் பொறுமையாக அள்ளினால் வரும். அவசரப்பட்டு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். ஏறிய உப்பு அடுத்த மாரி வரைக்கும் இறங்காது. ஆகவே என் மனைவி கிணற்றில் தண்ணீர் அள்ளும் விதமே தனி. பனையோலைப் பட்டையைத் தொப்பென்று போடமாட்டாள். நீர்மட்டத்தில் மெல்லச் சரித்து, மேல்நீரை மட்டும் வாங்கி, கலங்காமல் தூக்குவாள். அவளுக்கு யாரும் நிலத்தடி நீரியல் படிப்பிக்கவில்லை. அவளுடைய தாயின் கை அப்படித்தான் போகும். நல்லநீர்க் கிணறுகளுக்குப் பேர்போன சாராப்பிட்டிப் பக்கத்திலும் இந்தக் கைப்பக்குவம் இல்லாவிட்டால் வாய்க்குச் சவர்தான்.

இப்படி அளவறிந்து எடுப்பதுதான் எங்கள் குடும்ப வாழ்வின் உள்ளோட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அன்பை வாய்விட்டுச் சொல்வது குறைவு. யாருக்கு எவ்வளவு என்று அறிந்து வைப்பதில்தான் அது தெரியும். ஒடியல் கூழ் காய்ச்சும் நாளில் இதைப் பார்க்கலாம். நண்டும் மீனும் பயிற்றங்காயும் மரவள்ளியும் பானைக்குள் கொதித்துக் கூழ் தடிக்கும்போது முற்றத்தில் எல்லோரும் வட்டமாக இருப்போம். பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தினால் அதுதான் கரண்டி. சின்னவளுக்கு உறைப்பு ஆகாது. அவளுடைய சிரட்டைக்குத் தாய் மிளகாய்க் கூட்டுப் போடும் முன்பே எடுத்துவைத்துவிடுவாள். என் தாய்க்குப் பல் இல்லை, நண்டுச் சதையைப் பெரியவள் பிரித்து வைப்பாள். ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. இலைக்கு மேல் ஆவி பறக்க முதல் மிடறு இறங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சுவோம்.

ஆவணியில் வெயில் கடுமையாகி குளம் குட்டை வற்றினால், தெற்கு வெளியில் திரியும் குதிரைகள் தாகத்தில் தவிக்கும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே தங்கிவிட்ட இனம், இப்போது ஆளற்ற மந்தையாக அலைகிறது. வறட்சியில் அவற்றில் சில செத்துப்போவதும் உண்டு. அப்படியான நாட்களில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். தாய்க்குதிரை முதலில் குடிக்காது. காதை முன்னே நிமிர்த்தி எங்களைப் பார்த்தபடி நிற்கும், குட்டி குடித்து முடித்துத் தலையை உதறிய பிறகுதான் குனியும். தகப்பன்மார் எல்லோரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய காட்சி அது.

மூத்தவள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படிக்கிறாள். மாவிலித்துறையில் வடதாரகைப் படகு ஏறினால் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் காற்று அடித்தால் அலை நீளமாக எழும்பாது. குட்டையாக, நெருக்கமாக, அடிக்கு அடி குத்தும். எந்தப் பக்கம் இருந்தால் நனையாது, எந்த இடத்தில் ஆட்டம் குறைவு என்பதெல்லாம் மகளுக்கு அத்துப்படி. தனக்கு இடம் பிடித்ததும் எழுந்து, அதைக் கைக்குழந்தையோடு வருகிறவளுக்குக் கொடுத்துவிட்டு நிற்பாள். துறையடியில் நின்று அதை ஒருமுறை கண்டேன்.

அதே துறையடியில் ஒரு நினைவுத்தூபியும் இருக்கிறது. 1985 மே 15 அன்று எங்கள் ஊரவர்களை ஏற்றிக்கொண்டு போன குமுதினிப் படகைக் கடலில் மறித்து, ஆண் பெண் பார்க்காமல் வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தையையும் விடவில்லை. பிறகும் எங்களுக்குக் கடல்தான் பாதை. பிள்ளையைப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பும் எந்தத் தகப்பனும் அந்தத் தூபியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

அதனாலோ என்னவோ, எங்கள் இரவுச் செபமாலைக்கு ஒரு வால் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, தண்ணீரில் இருக்கிறவர்களுக்காக என்று சொல்லி அம்மா ஒரு அருள்நிறைந்த மரியே தொடங்குவார். யார் எவர் என்று பெயர் சொல்லமாட்டார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையார் கோயில் பூசை முடிந்து வருகிற நேரமும் அதுதான். திருநீறு பூசிய கையோடு வேலியோரம் நின்று, செபம் முடிந்ததும்தான் கதைகொடுப்பார். குறிகட்டுவானில் இறங்கும்போது நயினாதீவு அம்மன் கோபுரம் தெரிந்தால் என் அம்மாவின் கையும் தானாக நெஞ்சுக்குப் போகும்.

வீட்டில் இருக்கும் அந்தோனியார் சுரூபம் என் பாட்டன் காலத்தது. சிற்பி அதில் ஒரு நுட்பம் செய்திருக்கிறான். புனிதர் குழந்தை யேசுவை வெறுமனே ஏந்தவில்லை. விரல்களை விரித்து முதுகைத் தாங்குகிறார், பெருவிரல் மட்டும் குழந்தையின் விலாவில் மெல்ல அழுந்தியிருக்கிறது. பிள்ளை தூக்கித் தழும்பேறிய கை அப்படித்தான் பிடிக்கும். குழந்தையின் காலில் நிறம் முழுக்கப் போய்விட்டது, மூன்று தலைமுறை தொட்டுக் கும்பிட்ட தேய்மானம். புது நிறம் அடிப்போமா என்று கேட்டவர்களுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அந்தோனியாரின் திருநாள் ஜூன் 13, சோழகத்தில் கடல் கொந்தளிக்கும் காலம். கச்சதீவில் அவருக்கு விழா எடுப்பதோ கடல் படுத்திருக்கும் மாசி, பங்குனியில், தவக்காலத்தில். குடியிருப்போர் இல்லாத, குடிதண்ணீர் இல்லாத அந்த 285 ஏக்கர் தீவுக்கு நாங்கள் இங்கிருந்தும் இராமேசுவரத்து மக்கள் அங்கிருந்தும் படகில் வந்து சேர்வோம். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி. சிலுவைப்பாதையில் முழந்தாளிடும்போது சிப்பி முழங்காலில் குத்தும். ஒருமுறை இராமேசுவரத்துக் குடும்பம் ஒன்றின் பெண்கள் தங்கள் முந்தானையை விரித்து எங்கள் சின்னவளையும் அதில் முழந்தாளிட வைத்தார்கள். பவனி முடிந்து மணலில் பாய் விரித்தபோது அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் தீர்ந்திருந்தது. என் மனைவி எங்கள் கலனைச் சரித்து, கலங்காமல், அவர்களுடைய போத்தல்களை ஒவ்வொன்றாக நிரப்பிக் கொடுத்தாள்.

திரும்பும் படகில், வரும் வருசம் இன்னும் இரண்டு கலன் கூடக் கொண்டுவர வேணும், பட்டையால் அள்ள முதல்நாளே தொடங்கினால்தான் கிணறு தாங்கும் என்று அவள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.