உதட்டசைவும் ஒழுக்கமும்

'டிக்டாக் வந்து பண்பாட்டைக் கெடுத்துவிட்டது' என்ற வாக்கியத்தில் எழுவாயே பொய். கெட்டது எது, யாருக்கு என்பதை மறைக்கத்தான் கருவியை எழுவாயாக நிறுத்துகிறார்கள். 2019 ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தச் செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யச் சொன்னபோது குழந்தைகளின் பாதுகாப்பும் பேசப்பட்டது, ஆபாசமும் பேசப்பட்டது. முதலாவது நியாயமான கவலை. (தடை மூன்று வாரத்தில் விலகியது.) இரண்டாவதைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

சினிமாவில் பெண்ணுடல் ஆண் காமிராவுக்காக எத்தனையோ வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறது. லாரா மல்வி 1975இல் எழுதியதை மேடைதோறும் சொல்லியாயிற்று. அந்த ஆட்டத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு, குடும்பத்தோடு பார்க்கலாம். சங்கரன்கோவில் தறிக்காரர் வீட்டுப் பெண் அதே பாட்டுக்குத் தன் போனைத் தானே பிடித்து ஆடினால் 'மானம் போச்சு'. ஆட்டம் மாறவில்லை, காமிரா கைமாறியிருக்கிறது.

காமிரா ஆண்கள் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை அதற்குச் சில வாரம் முன்புதான் பொள்ளாச்சியில் பார்த்தோம். அங்கே படம் மிரட்டும் ஆயுதம். (9 பேருக்கு ஆயுள் தண்டனை விழ 2025 மே வரை ஆனது.) அப்போது எழுந்த உபதேசம் என்ன? பொம்பளைப் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதீர்கள்! எடுத்தவனை விட்டுவிட்டுப் படத்தில் இருப்பவளை விசாரிக்கிற ஒழுக்கம் இது.

இன்னொன்று, இரவல் குரல். கதாநாயகனின் சவடால் வசனத்தைப் பூக்கட்டும் பெண் தன் உதட்டில் வாங்குகிறாள். மீசைக்காரர் ஒருவர் நாயகியாகச் சிணுங்குகிறார். தறி இரைச்சலில் உதடு பார்த்துப் பேச்சு பிடிக்கிற ஊருக்கு இது புதுசா என்ன? பால் அடையாளம் உடம்போடு பிறப்பதல்ல, திரும்பத் திரும்ப நிகழ்த்தியே நிலைக்கிறது என்று ஜூடித் பட்லரைக் கஷ்டப்பட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதை இவர்கள் போகிற போக்கில் செய்து சிரித்தார்கள். நம் முற்போக்கு நண்பர்கள் சிலருக்கு அது 'சீரழிவு'. ரசனை என்ற பேரில் சாதிதான் பேசியது.

கம்பெனியைக் கொண்டாட வேண்டியதில்லை. அவள் ஆட்டமும் காசு, அவளை ஏசும் பின்னூட்டமும் காசு. பின்னால் வந்த ரீல்ஸுக்கும் அதே கணக்குத்தான். ஆனால் 2020 ஜூன் 29 அன்று, கல்வான் மோதலை அடுத்து, டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடைசெய்தபோது பேசப்பட்டது இறையாண்மை. அந்தப் பெண்கள் பேச்சிலேயே வரவில்லை. நாடகமேடைப் பெண்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் நாளை இதையும் தேடுவார்கள். அந்தக் கணக்குகள் அதன்பின் இங்கே திறக்கவில்லை. யாரோ இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டுகள்தான் மிச்சம். அவற்றிலும் பல, அவர்களைக் கேலிசெய்ய அனுப்பியவை.