கவர்னரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் எளிதாகிவிடுமா?

"இல்லாத உறுப்பு பழுதாவதில்லை." பொறியியலில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. சிறு விமானங்களைச் சொந்தமாக வைத்திருப்போரும், தாமே விமானம் கட்டிப் பறப்போரும் புரொப்பெல்லர் கவர்னரைப் பற்றிப் பேசும்போது இவ்வாதத்தை முன்வைப்பதுண்டு. பழைய லைக்காமிங் எஞ்சின் ஒன்று கைக்குக் கிடைக்கிறது. அதில் கவர்னர் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடி, இதழ்க் கோணம் மாறாத புரொப்பெல்லரைப் பூட்டிவிட்டால் செலவும் குறையும், தொல்லையும் ஒழியும் என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு எந்த அளவுக்குச் சரி என்று ஆராய்வோம்.

முதலில் கவர்னர் செய்யும் வேலையைப் பார்ப்போம். வயல் கிணற்றில் ஓடும் எண்ணெய் எஞ்சினிலும் ஒரு கவர்னர் உண்டு. பாரம் குறைந்து எஞ்சின் வேகமெடுத்தால், அது எரிபொருளைக் குறைத்து வேகத்தைச் சீராக்கும். விமானத்தின் கவர்னர் எரிபொருளைத் தொடுவதில்லை. அது பாரத்தையே மாற்றுகிறது! எஞ்சின் வேகமெடுத்தால், கவர்னருக்குள் சுழலும் சிறு எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து ஒரு வால்வைத் திறக்கின்றன. அழுத்தமேற்றப்பட்ட எண்ணெய், உட்குழிவான கிராங்க் தண்டின் வழியே முன்னோக்கிப் பாய்ந்து, புரொப்பெல்லரின் குடத்திலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. இதழ்களின் கோணம் கூடுகிறது. அவை காற்றை மேலும் ஆழமாகக் கடிக்கின்றன. பாரம் ஏறுவதால் வேகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒற்றை எஞ்சின் கொண்ட பெரும்பாலான சிறு விமானங்களில் ஏற்பாடு இதுவே.

கவர்னரை விலக்க விரும்புவோர் சொல்லும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. கோணம் மாறும் புரொப்பெல்லர் விலை மிகுந்தது. குறித்த காலத்தில் அதைப் பிரித்துச் செப்பனிட வேண்டும். குடத்தில் எண்ணெய்க் கசிவு நேரலாம். எண்ணெய் அழுத்தம் திடீரென்று அற்றுப்போனால் இதழ்கள் குறைந்த கோணத்துக்குச் சென்று, எஞ்சின் வரம்பு மீறிச் சுழலக்கூடும். கோணம் மாறாத புரொப்பெல்லரில் இத்தொல்லைகள் இல்லை. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தயாரித்து, 1958-இல் முதன்முதலாகப் பறந்த 'புஷ்பக்' பயிற்சி விமானமும் இத்தகைய எளிய புரொப்பெல்லரோடுதான் பறந்தது. பயிற்சி விமானத்துக்கு அது தக்க ஏற்பாடே.

ஆனால் இழப்பு என்ன? செஸ்னா 172 வகையில் 160 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திறன் நிமிடத்துக்கு 2,700 சுற்றில்தான் கிடைக்கும். விமானம் ஓடுபாதையில் நிற்கையில், எஞ்சினை முழுமையாக முடுக்கினாலும் மாறாக் கோணப் புரொப்பெல்லர் 2,300 சுற்றை ஒட்டியே நிற்கும். திறன் ஏறத்தாழச் சுற்றுக்கு ஏற்பக் குறைவதாகக் கொண்டால், அப்போது கிடைப்பது சுமார் 136 குதிரைத்திறனே. மேலெழத் திறன் மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஏறத்தாழ 24 குதிரைத்திறன் பயன்படாமல் போகிறது! மாறாகத் தாழ்ந்து விரையும்போது எஞ்சின் வரம்பு கடக்காதபடி விமானியே கையால் அடக்க வேண்டும். கவர்னர் போய்விட்டாலும் அதன் வேலை போய்விடவில்லை. அது விமானியின் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

இந்த இழப்பின் அளவை வரலாறும் காட்டும். 1940 கோடையில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களுக்கு, டி ஹாவிலண்ட் நிறுவனப் பொறியாளர்கள் விமானத் தளங்களுக்கே சென்று, கவர்னருடன் கூடிய புரொப்பெல்லர்களைப் பொருத்தினர். சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் மாற்றப்பட்டன. எஞ்சினை மாற்றாமலே மேலேறும் வேகம் கூடியது.

திறன் குறைந்தாலும் போதும் என்று ஒருவர் முடிவு செய்யலாம். அது அவர் விருப்பம். என் கண்டனம் வேறொன்றின் மீது. கவர்னரைக் 'கழற்றினால் போதும்' என்னும் சொல்லே தவறானது. கவர்னர் போன பின்னும் அதற்காக அமைத்த எண்ணெய் வழி கிராங்க் தண்டுக்குள் அப்படியே இருக்கிறது. தண்டின் முன்முனையை ஓர் அடைப்பால் மூடியாக வேண்டும். தண்டின் உள்ளே பின்பக்கத்தில் முன்பே ஓர் அடைப்பு உண்டு. அதைத் துளைக்கவோ அகற்றவோ வேண்டும். ஏன்? முன் பேரிங்கிலிருந்து எண்ணெய் தொடர்ந்து இக்குழலுக்குள் வந்துகொண்டிருக்கும். வடிய வழியில்லையெனில் இரண்டு அடைப்புகளுக்கும் நடுவே அழுத்தம் ஏறும். இறுதியில் முன் அடைப்பு பிதுங்கி வெளியேறலாம். அப்படி நேர்ந்தால் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் அந்த வழியே கொட்டிப்போகும். ஒரு சிறு துளையை மறந்ததன் விலை, நடுவானில் எஞ்சின் இறுகி நிற்பது!

துளையிட்டாலும் கதை முடியவில்லை. கவர்னர் உள்ள எஞ்சினில் இக்குழல் எண்ணெயால் நிறைந்திருக்கும். கவர்னர் இல்லாதபோது எண்ணெய் வடிந்துவிடுகிறது. குழலின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பிடிக்க இடமுண்டு. துரு அரித்த சிறு குழிகளிலிருந்து வெடிப்பு தொடங்கும். கிராங்க் தண்டுகள் இவ்வாறு வெடித்ததன் விளைவாக, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1998-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. மாறாக் கோணப் புரொப்பெல்லர் பூட்டிய, 160 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள நான்கு சிலிண்டர் லைக்காமிங் எஞ்சின்களில், உட்குழிவான கிராங்க் தண்டின் உட்புறத்தைச் சோதிக்க வேண்டும் என்பதே அந்த ஆணை. தண்டு முறிந்தால் புரொப்பெல்லரே கழன்று பறந்துவிடும் அன்றோ?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்து அதிர்பவை. ஒன்றை மாற்றினால் அதிர்வின் கணக்கும் மாறும். குறிப்பிட்ட சுற்று வேகங்களில் தொடர்ந்து ஓட்டலாகாது என்று சில இணைகளுக்குத் தடை விதித்திருப்பது இதனால்தான். ஆகவே கையில் கிடைத்த புரொப்பெல்லரைப் பூட்டுவது முறையன்று. அந்த எஞ்சினோடு சேர்த்துச் சோதித்து ஒப்புதல் பெற்றதையே பூட்ட வேண்டும்.

லைக்காமிங் நிறுவனமே மாறாக் கோணப் புரொப்பெல்லருக்கென்று, திண்மையான கிராங்க் தண்டு கொண்ட எஞ்சின்களையும் செய்திருக்கிறது. அதில் குழலும் இல்லை, அடைப்பும் இல்லை. உண்மையான எளிமை அதுவே. கவர்னருக்காகப் பிறந்த எஞ்சினில் கவர்னரை நீக்கிப் பெறுவது வேறொரு சிக்கல்.

வாசகர்களே, எந்த எந்திரத்திலும் "இந்த உறுப்பு வேண்டாம், எடுத்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதன் வேலையை இனி யார் செய்வார்? அதற்காக அமைத்த வழிகள் என்ன ஆகும்? அது காத்துவந்த பகுதியை இனி எது காக்கும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு திருகியைக் கையில் எடுக்கலாம்.