விண்ணில் மடிந்தோர்க்கு நடுகல்: தைப்பிங் போர்க் கல்லறையும் தமிழர் நினைவு மரபும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரில், முன்னர் மெக்ஸ்வெல் மலை என வழங்கப்பட்ட புக்கிட் லாருட்டின் அடிவாரத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களுக்கான கல்லறை அமைந்துள்ளது. சாலை அதனை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் கிறித்தவ வீரர்கள். மறுபுறம் இந்தியப் படையைச் சேர்ந்த இசுலாமியரும் கூர்க்கா உள்ளிட்ட பிறரும். அங்குள்ள 800க்கும் மேற்பட்ட கல்லறைகளுள் 500க்கும் மேற்பட்டவை பெயர் அறியப்படாதவருக்கு உரியவை. பெயர் அறியப்பட்டவருள் ஒருவர் பிரித்தானிய வான்படையின் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப்.

கள ஆய்வுக்காக ஒருமுறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் வேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் ஸ்கார்ஃபின் கல்லின் முன்பு நெடுநேரம் நின்றார். பின்னர், "ஐயா, இவருக்குக் கல் இருக்கிறது. சயாமுக்குப் போன எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் கல் எங்கே? இவருக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?" என்று கேட்டார். அப்பொழுது நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. மாண்ட வான்படை வீரரின் வாழ்வை நினைவுகூரும் எழுத்துகளைத் தமிழ்த் திறனாய்வு எவ்வாறு அணுகலாம் என்னும் வினாவாக அதனை விரித்து, இக்கட்டுரை விடை காண முற்படுகிறது.

விருதுரை என்னும் பனுவல்

ஸ்கார்ஃபைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, 1946 ஜூன் 21இல் வெளியான விக்டோரியா சிலுவை விருதுக்கான அறிவிப்பை அடிப்படையாகக் கொண்டது. 1941 டிசம்பர் 9இல், ஜப்பானியர் கைப்பற்றிய சிங்கோராவின் மீது பகலிலேயே தாக்குதல் நடத்துமாறு பட்டர்வொர்த் தளத்தில் இருந்த விமானங்களுக்கு ஆணை வந்தது. ஸ்கார்ஃபின் பிளென்ஹைம் விமானம் தரையை விட்டு எழுந்த வேளையில் ஜப்பானிய விமானங்கள் தளத்தைத் தாக்கின. ஏனைய விமானங்கள் அழிந்தன அல்லது பறக்க இயலாதவையாயின. அவர் திரும்பவில்லை, தனியே சென்று இலக்கின் மீது குண்டு வீசினார். திரும்பும் வழியில் இடக்கை சிதைந்து, முதுகில் பெருங்காயம் பட்டது. உடன் இருந்த இருவரும் அவரை இருக்கையில் தாங்கிப் பிடிக்க, விமானத்தை அலோர் ஸ்டாரில் இறக்கினார். துணைவர் இருவரும் உயிர் பிழைத்தனர். அவரோ மருத்துவமனையில் அன்றே உயிர் நீத்தார். அவருடைய மனைவி அம்மருத்துவமனையில் பணியாற்றிய தாதி. கணவருக்குத் தம் குருதியையே கொடுத்தவர்.

விருதுக்கு நான்கரை ஆண்டுகள் ஆயின. பின்வாங்கலின் குழப்பத்தில் ஆவணங்கள் சிதறியமையால் இச்செயல் போருக்குப் பின்னரே உரியோர் கவனத்திற்கு வந்தது. ஒருவரின் வீரம் நினைவில் நிற்பதற்குச் செயல் மட்டும் போதாது. கண்டு சொல்பவர் உயிரோடு இருக்க வேண்டும், சொன்னதை எழுதிக்கொள்ள ஓர் அமைப்பும் வேண்டும். இங்குப் பிழைத்த துணைவரே சான்று. அரசே எழுதிக்கொண்ட அமைப்பு. அப்பதக்கம் 2022இல் ஏலம் விடப்பட்டு, பின்னர் பிரித்தானிய வான்படை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. தனியொருவரின் இறப்புக்கு இத்துணை ஆவணத் தொடர்ச்சி அமைவது அரிது.

திறனாய்வு நோக்கில் இவ்விருதுரைக்கு ஒரு குறை உண்டு. அது மனிதரைச் செயலாகச் சுருக்கிவிடுகிறது. 28 அகவையில் இறந்தவரின் வாழ்வு ஒரே நண்பகலாகிவிடுகிறது. அன்று தரையில் மாண்டவர்கள் அக்கதையின் பின்புலமாக மட்டும் எஞ்சுகின்றனர். மனைவி கொடுத்த குருதி விருதுரைக்கு உரிய பொருளன்று. ஆயினும் படிப்பவர் நெஞ்சில் தங்குவது அதுவே. வாழ்வை நினைவுகூர்தலும் செயலைப் பாராட்டுதலும் ஒன்றல்ல என்பதை இப்பனுவல் நமக்கு உணர்த்துகிறது.

கல்லின் சொற்கள்

போர்க் கல்லறை ஆணையத்தின் கற்கள் பதவி வேறுபாடின்றி ஒரே உருவின. 1918இல் ஃபிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கையில் இக்கொள்கை வகுக்கப்பட்டது. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், அகவை. அடியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு சிறு தொடர். முதல் உலகப் போரின் கற்களில் அத்தொடருக்கு 66 எழுத்துகளே இடம் பெற்றன.

இச்சுருக்கம் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஊரையும் ஆகோளையும் வீரனின் பெயரையும் ஒரு சில சொற்களில் கூறி அமைகிறது. அவனுடைய மனைவி, மக்கள், மனநிலை எதுவும் கல்லில் இல்லை. அவற்றைச் சொல்லும் பொறுப்பைக் கல் ஊராரிடம் விட்டுவிடுகிறது.

இங்குத் தொல்காப்பியப் புறத்திணையியலின் பாகுபாடு பயன்படும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் மரபு ஆறு நிலைகளாக விரிகிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கும் இம்மரபில் நடுதல் நான்காம் நிலையே. நட்ட பின்னர்ப் படையலிடவும் வாழ்த்தவும் சுற்றம் வேண்டும். தைப்பிங்கில் நடுதல் குறைவின்றி நிகழ்ந்துள்ளது. ஆயின் படைக்கவும் வாழ்த்தவும் வேண்டிய சுற்றம் கடல் கடந்து இருக்கிறது. நாள்தோறும் அக்கற்களுக்கு அருகே இருப்பவர் புல்வெட்டிப் பேணும் உள்ளூர்த் தொழிலாளரே. கல்லின் மொழி அறியாத ஊரில் கல் தனித்து நிற்கிறது.

ஒரே உரு என்னும் கொள்கையும் எங்கும் ஒரே வகையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஆணையம் அமைத்த குழுவே 2021இல் ஒப்புக்கொண்டது. ஆகவே நம் மாணவியின் வினா பொறாமையில் பிறந்ததன்று. வரலாற்று நேர்மை கொண்ட வினாவாகும்.

கீழிருந்து கேட்ட ஒலி

1941 டிசம்பர் நடுப்பகுதியில் ஆஸ்திரேலிய வான்படையின் 453ஆம் பிரிவு பஃபலோ விமானங்களுடன் ஈப்போவிலிருந்து இயங்கியது. அம்மாத இறுதிக்குள் ஈப்போ ஜப்பானியர் கைக்குச் சென்றது. டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் கடும்போர் நடந்தது. ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர் இப்போரை முதலில் அறிந்தது ஒலியாகத்தான்.

தோட்டத்து முதியோரிடம் நாம் கேட்ட நினைவுகளிலும் அவ்வாறே. லயத்து வீடுகளை விட்டு ஓடியதும், கால்வாயில் குப்புறப் படுத்ததும், பிள்ளையின் வாயைப் பொத்தியதும் துல்லியமாகச் சொல்லப்படுகின்றன. "கப்பல் வந்துச்சு" என்பார்கள். ஆகாயக் கப்பல் என்பதன் சுருக்கம் அது. எந்நாட்டுக் கப்பல், ஓட்டியவர் யார் என்பன அந்நினைவில் இல்லை. அவசரகாலத்திலும் (1948-1960) இதே நிலைதான். காட்டின்மீது குண்டும், உணவுப் பொதியும், சீனம், மலாய், தமிழ் முதலிய மொழிகளில் அச்சிட்ட துண்டறிக்கைகளும் விமானத்திலிருந்து விழுந்தன. தமிழில் எழுதிய தாள் வானிலிருந்து விழுந்தது. அதனை வீசிய கையின் முகம் தெரியவில்லை.

மலேசியத் தமிழ்ப் புதினமும் இக்கோணத்தையே பெரிதும் பெற்றுள்ளது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரை நடுவில் நிறுத்துகின்றன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) போர்க்காலத் தென்கிழக்காசியாவில் அலையும் தமிழனைப் பாத்திரமாக்குகிறது. இத்தேர்வு நியாயமானதே. தம்மவரின் சாவை எழுத வேறெவரும் இல்லாதபொழுது நம் எழுத்தாளர் முதலில் அதையே எழுத வேண்டியிருந்தது. ஆயினும் விமானி இக்கதையுலகில் மனிதராகாமல் ஒலியாகவே எஞ்சுவதும் ஓர் இழப்பே. விருதுரையில் தரையிலிருந்தவர் பின்புலமாயினர். நம் புதினத்தில் வானிலிருந்தவர் பின்புலமாகிறார். இரண்டும் ஒன்றையொன்று காணாத பாதிக் கதைகள்.

உடல் கிடைக்காத சாவு

வான்படை வீரரின் மரணத்திற்குத் தனித்தன்மை ஒன்று உண்டு: பல வேளைகளில் உடல் கிடைப்பதில்லை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் அடக்கவிடம் அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அவர்களுள் வான்படையினர் பலர். 1950 ஆகஸ்டு 25இல் கிளந்தான் காட்டில் விழுந்த டக்கோட்டா கேஎன்630 விமானத்தில் இருந்த 12 பேரின் எச்சங்கள் 2008இல் மீட்கப்பட்டு, 2012இல் கோலாலம்பூரில் அடக்கம் செய்யப்பட்டன. 2016 ஜூலை 22இல் சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய வான்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. அக்குடும்பங்கள் ஏழரை ஆண்டுகள் இறந்தார் என்றும் சொல்ல மாட்டாமல், இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டாமல் வாழ்ந்தன.

சயாமுக்குச் சென்றவரின் குடும்பங்களும் இதே நிலையில்தான் வாழ்ந்தன என்பதை இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். திரும்பி வராத கணவனுக்காகத் தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று அறியாத பெண்கள் தோட்டந்தோறும் இருந்தனர். விமானியின் மனைவிக்குத் தந்தி வந்தது. தோட்டத்துப் பெண்ணுக்கு எதுவும் வரவில்லை. துயரம் ஒரு தன்மைத்து, ஆவணம்தான் வேறுபட்டது. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டுச் 'சாவு எல்லார்க்கும் பொது' என்று கூறுவது எளிய ஆறுதலாகுமேயன்றித் திறனாய்வாகாது.

நடுகல் மரபு இங்கு நமக்குத் துணை நிற்கிறது. நடுகல் உடலைக் காட்டிலும் பெயரை முதன்மைப்படுத்துவது. வீழ்ந்த இடம் ஓரிடமாகவும் நட்ட இடம் வேறிடமாகவும் இருக்கலாம். 2023இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில், சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழர்க்கு நடுகல் என்னும் பெயரிலேயே நினைவுக்கல் ஒன்று எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டு தாழ்ந்தாலும் அது உரிய சொல்லோடு வந்தது. எனினும் அது கூட்டத்துக்கான கல். ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லும் சுவர் இன்னும் எழவில்லை.

இருவர்க்கும் இரங்கல்

இனி மாணவியின் இரண்டாம் வினாவுக்கு வருவோம்: இவருக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்? ஸ்கார்ஃப் நம் நாட்டை ஆண்ட பேரரசின் வீரர். தோட்டத்துத் தமிழரை லயத்தில் வைத்திருந்த ஆட்சியும் அதுவே. இதனை மறந்து அவரைப் போற்றுதல் இயலாது.

புறநானூற்றின் 62, 63ஆம் பாடல்கள் நமக்கு ஒரு வழி காட்டுகின்றன. போர்க்களத்தில் சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒருசேர மாண்டபொழுது, கழாத்தலையாரும் பரணரும் இருவர்க்கும் சேர்த்தே இரங்கினர். எவர் பக்கம் அறம் என்று அவர்கள் தீர்ப்புக் கூறவில்லை. போரின் வெறுமையையும், மாண்டோரின் நாடுகள் என்னாகும் என்னும் கவலையையும் பாடினர். கையறுநிலை என்பது மாண்டவரின் தரப்பை ஏற்றுக்கொள்வதன்று. கொன்ற போரை ஏற்காமலேயே மாண்டவனுக்கு இரங்க இயலும் என்பதற்கு இப்பாடல்கள் சான்று. அவ்வகையில் ஸ்கார்ஃபுக்கும், அவரைச் சுட்டவனுக்கும், கால்வாயில் படுத்திருந்த தாய்க்கும், சயாமில் மறைந்த கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரே எழுத்தில் இடம் தருதல் தமிழ் மரபுக்கு அயலானதன்று.

முடிவுரை

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. 1941இன் விமான ஒலியைச் சிறுவராய்க் கேட்டவர்கள் எண்பதுகளின் இறுதியையோ தொண்ணூறுகளையோ எட்டியுள்ளனர். தைப்பிங்கின் கற்கள் இன்னும் நூறாண்டு நிற்கும். இவர்களின் சொற்கள் பத்தாண்டும் நில்லா. ஆகவே பள்ளி, கல்லூரித் தமிழாசிரியர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் மாணவரை அனுப்பி, போரில் திரும்பி வராதவரின் பெயர், ஊர், தோட்டம், புறப்பட்ட காலம் ஆகிய நான்கையேனும் எழுதிவரச் செய்தல் வேண்டும் என நாம் கருதுகிறோம். நடுகல் மரபின் முதல் நிலையான காட்சி அதுவே. அவ்வாறு எழுதும் ஏட்டில், அந்த ஊர் வானில் மாண்ட அயலாரின் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அம்மாணவி அடுத்த பருவத்தில் தம் பாட்டியாரிடம் கேட்டுக் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக் கொணர்ந்தார். அதே தாளின் கீழே ஸ்கார்ஃபின் பெயரையும் அகவையையும் எழுதியிருந்தார். காரணத்தை நாம் கேட்கவில்லை. அத்தாளைத் துறையின் கோப்பில் சேர்த்தோம்.