ஒரு கட்டத்தில் பாதிகூட இல்லாத சரணாலயம்

காலநிலைத் தரவை வைத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்பைத் திட்டமிடும் அறிக்கைகளில் கடைசியில் ஒரு வரைபடம் வரும். சிவப்பு என்றால் அந்த உயிர் தாங்காது, பச்சை என்றால் பிழைக்கும். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு, அந்த நிறங்களுக்குப் பின்னால் என்ன கணக்கு ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. தமிழகப் பகுதியில் உள்ள பறவைகள் சரணாலயம் 153.67 சதுர கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறையின் மழைத்தரவு கால் டிகிரிக் கட்டங்களாகக் கிடைக்கிறது. இங்கே ஒரு கட்டம் என்பது சுமார் 750 சதுர கிலோமீட்டர். சரணாலயம் மொத்தமும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

'இதைவிட நுணுக்கமான தரவு இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. உயிரினப் பரவலைக் கணிப்பவர்கள் அதிகம் எடுத்தாளும் வேர்ல்ட்கிளிம் ஒரு கிலோமீட்டர் வரை இறங்குகிறது. ஆனால் அதன் 19 உயிர்க்காலநிலை மாறிகளும் வெப்பம், மழை இரண்டிலிருந்தும் பிழிந்தெடுத்தவை. 1970 முதல் 2000 வரையிலான சராசரிகள். மலையுச்சிப் புல்வெளியை நம்பியிருக்கும் வரையாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். சூடு ஏறினால் அதற்கு மேலே போக இடமில்லை. பூநாரை கதை வேறு. அது ஆழமில்லாத உவர்நீரில் நின்று இரை தேடுகிற பறவை. அந்த ஆழத்தையும் உப்பையும் மழை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆரணி, காளங்கி ஆறுகளின் வரத்தும் கடலோடு சேரும் முகத்துவாரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வரத்து நின்றால் மணல் மேடிட்டு வாய் அடைபடும். வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறும். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர வழியிருக்காது. அந்த 19 மாறிகளில் முகத்துவாரம் இல்லை.

என் ஆட்சேபம் இங்கேதான். பறவை குறைந்தால், கைவசம் காலநிலை மட்டுமே உள்ள மாதிரி காலநிலையைத்தான் காரணம் காட்டும். துறைமுகமும் தொழிற்சாலையும் அனல்மின் நிலையச் சாம்பலும் கணக்கிலேயே வராது. புவி வெப்பமாதல் பொய் என்று சொல்லவில்லை. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மாட்டுவது இந்த மாதிரி ஏரிகள்தான். ஆனால் கணக்கில் எடுக்காத ஒன்றின்மேல் திட்டத்தில் யாரும் கைவைக்கப் போவதில்லை.

பழவேற்காட்டு மீனவர்கள் 'பாடு' முறையில் முறைவைத்து மீன்பிடிக்கிறவர்கள். எந்த இடத்தில் எப்போது எவ்வளவு தண்ணீர், வாய் எப்போது அடைந்தது என்பதெல்லாம் அவர்கள் பிழைப்போடு கலந்த விஷயம். வாய் அடைந்த தேதி, திறந்த தேதி, அன்றைய ஆழம், உப்பு. அட்டவணையில் நான்கே நான்கு பத்திகள். அவற்றைச் சேர்த்த பிறகு அந்த வரைபடத்துக்கு நிறம் பூசட்டும்.