ஆறு மணி என்றால் எந்த ஊர் ஆறு மணி?

லினக்ஸ், மேக் கணினிகளில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1999இல் வெளியிட்டார், 2007இல் ஆப்பிள் வாங்கியது, இப்போது ஓபன்பிரிண்டிங் குழுவும் இதைப் பராமரிக்கிறது. சில வாரங்களாக மவுஸைத் தொடாமல், டெர்மினலில் இருந்தபடியே அலுவலகப் பிரிண்டர்களை இதன் மூலம் கவனித்து வருகிறேன். எல்பி என்ற கட்டளை கோப்பை அனுப்பும், எல்பிஸ்டாட் நிலவரம் சொல்லும், கேன்சல் வேலையை ரத்து செய்யும். பக்க எண், பிரதிகள், இருபக்க அச்சு எல்லாம் தெரிந்த சங்கதி.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது எல்பிமூவ். ஒரு பிரிண்டரில் டோனர் தீர்ந்துவிட்டால், வரிசையில் காத்திருக்கும் வேலைகள் அத்தனையையும் ஒரே வரியில் பக்கத்துப் பிரிண்டருக்கு மாற்றிவிடலாம். யாரும் தன் கோப்பைத் தேடித் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை.

உறுத்துவது நேரம்தான். நூறு பக்கக் கோப்பைப் பகலில் அனுப்பி, கூட்டம் குறைந்த பிறகு அச்சாகட்டும் என்று விட எல்பியில் வசதி உண்டு: பெரிய எச் போட்டு, பக்கத்தில் நேரத்தைத் தர வேண்டும். 18:00 என்று தந்தால் மாலை ஆறுக்கு வர வேண்டும் அல்லவா? இரவு 11:30க்குத்தான் வரும். கப்ஸ் அந்த எண்ணை யூடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாலை ஆறுக்கு 12:30 என்றும், விடியற்காலை ஐந்துக்கு 23:30 என்றும் நாமே கழித்துத் தர வேண்டும்.

கையேட்டில் இது எழுதியே இருக்கிறது. சர்வர் ஒரு நாட்டிலும் அனுப்புபவர் இன்னொரு நாட்டிலும் இருந்தால் பொது நேரம் உதவும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் எண்ணுக்குப் பதிலாக 'நைட்' என்று கொடுத்துப் பாருங்கள்: உள்ளூர் நேரப்படி மாலை 6 முதல் காலை 6 வரை என்று எடுத்துக்கொள்ளும். 'செகண்ட்-ஷிஃப்ட்' என்றால் உள்ளூர் மாலை 4 முதல் நள்ளிரவு வரை. ஒரே காத்திருப்பு வசதி, சொல்லுக்கு ஒரு கடிகாரமும் எண்ணுக்கு வேறு கடிகாரமும் பார்க்கிறது. இதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிட வருத்தம், கட்டளை ஏற்கப்பட்டதும் வேலையின் எண் மட்டும் திரையில் வருவது. எத்தனை மணிக்கு அச்சாகும் என்று உள்ளூர் நேரத்தில் ஒரு வரி காட்டினால் போதும், தவறாகத் தந்த நேரம் அங்கேயே தெரிந்துவிடும். பராமரிப்பவர்கள் இதையாவது செய்ய வேண்டும்.

அதுவரை, ஆறு மணிக்குப் பிறகு எப்போது வந்தாலும் சரி என்ற வேலைகளுக்கு 'நைட்' போடுகிறேன். குறித்த நேரத்தில் வந்தே தீர வேண்டியதை 'ஹோல்ட்' என்று நிறுத்திவைத்து, நேரம் வந்ததும் அதன் எண்ணைச் சொல்லி 'ரெஸ்யூம்' கொடுத்துவிடுகிறேன்.