அனுப்பியவர்க்கே திரும்பிய உறைகள்

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் புடவையோடு சேர்த்துக் கொடுத்துவந்த பிளாஸ்டிக் பையைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஆயினும், அதே பேட்டையின் பள்ளி வாசல்களில் சரம் சரமாய்த் தொங்கும் தின்பண்டங்களின் உறை, ஆலையிலேயே அடைக்கப்பட்டு வருவது என்ற காரணத்தால், அத்தடைக்குத் தொடக்கத்தில் உட்படவில்லை. சிறு வியாபாரியைக் கட்டுப்படுத்திய சட்டம் பெரிய உற்பத்தியாளரை விட்டுவைத்த இந்த இடைவெளியை, தடை நடைமுறைக்கு வருமுன், 2018-ஆம் ஆண்டிலேயே, தூத்துக்குடிச் சிறுமியர் தங்கள் செய்கையால் சுட்டிக்காட்டினர்.

சுப்பையா வித்யாலயம் பெண்கள் பள்ளி மாணவியர், மாநகராட்சியின் துணையோடு, தாங்கள் தின்ற பண்டங்களின் உறைகளை இரண்டு வார காலம் சேர்த்து, 20,000-க்கும் மேற்பட்ட உறைகளை நிறுவனவாரியாகப் பிரித்து எண்ணி, சூழலுக்குக் கேடில்லாத உறையைக் கண்டுபிடித்துத் தரும்படி கோரும் கடிதத்துடன் உற்பத்தியாளர்களுக்கே அனுப்பிவைத்தனர்.

இம்முறையின் பிரதான குணம் அதன் நியாயத் தெளிவு. குப்பை போட்டவரையே குற்றவாளியாக்கிக் கையில் துடைப்பத்தைத் தரும் வழக்கமான பள்ளித் துப்புரவுப் பணியினின்றும் மாறுபட்டு, பிளாஸ்டிக்கைச் சந்தைக்கு அனுப்பியவரே அதனைத் திரும்பப் பெறும் பொறுப்புடையவர் என்ற 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் தத்துவத்தை, சட்டப் புத்தகம் புரட்டாத பெண்பிள்ளைகள் அஞ்சல் பெட்டியின் வாயிலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். இன்ன நிறுவனத்தின் உறை இத்தனை என்று கணக்கெடுத்தமையால், முறையீடு புலம்பலாக நில்லாமல் சாட்சியமாயிற்று.

குறைகளும் உண்டு. ஒன்றோடொன்று பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிய பல அடுக்குகளாலான உறை, ஆலைக்குத் திரும்பியதனால் மட்டும் மறைந்துவிடாது. மறுசுழற்சிக்கு உதவாத அத்தகைய உறையை இரண்டாண்டில் ஒழிக்க வேண்டும் என்றிருந்த விதியே அதே 2018-இல் தளர்த்தப்பட்டதை நினைத்தால், சிறுமியரின் பிரயத்தனம் எத்தகைய பலத்துக்கு எதிரே நின்றது என்பது விளங்கும். மேலும், ஆண்டுதோறும் வகுப்பு மாறுவதும், பொதுத்தேர்வு நெருங்குவதும், ஆர்வமுள்ள ஆசிரியரோ அதிகாரியோ இடம் மாறிப் போவதுமான பள்ளிச் சூழலில், ஒரு பருவத்து உற்சாகம் மறுபருவத்து மரபாவது அரிது. பாராட்டுவிழா நடத்திவிட்டு, கேட்ட கேள்விக்கு விடை தராதிருக்கும் பெரியவர்களின் பழக்கமோ எல்லாவற்றிலும் பெரிய குறை.

வடசென்னைக்கு இதிலொரு பாடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் கசிந்து படிந்த எண்ணெயையும், அதே மாதம் 26-ஆம் நாள் இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்களை வீட்டைவிட்டு ஓடச்செய்த அமோனியா வாயுக் கசிவையும் எந்தப் பள்ளியின் துடைப்பமும் பெருக்கித் தள்ள முடியாது. எனவே இப்பகுதிப் பிள்ளைகளுக்கு மரக்கன்றும் உறுதிமொழியும் தருவதோடு நில்லாது, கண்டதை நாள்தோறும் குறித்துவைக்க ஒரு பதிவேடும், அதை அடுத்த வகுப்பார் கையில் ஒப்படைக்கும் முறையும், பொறுப்பானவருக்குக் கடிதம் எழுதும் உரிமையும் தரவேண்டும். அக்கடிதத்துக்குப் பதில் எழுதுவது பிள்ளைகளுடைய கடமையன்று, பெரியவர்களாகிய நம்முடையது.