காயமும் காலமும்: இரசிகர் புனைவில் மனவடுவின் பின்கதை

கதை முடிகின்ற இடத்திலே கதைமாந்தரின் துன்பமும் முடிந்துவிடுவதாகக் கொள்வது, கதைசொல்லும் மரபிலே நெடுங்காலமாக நிலவிவரும் ஓர் உடன்பாடாகும். போர் ஓய்கின்றது, பகைவன் வீழ்கின்றான், சாபம் நீங்குகின்றது, பிரிந்தோர் கூடுகின்றனர். அதன்பின் அவர்கள் எவ்வாறு உறங்கினர், எதைக் கண்டு திடுக்கிட்டனர், யாருடைய முகத்தை நிமிர்ந்து நோக்க இயலாது தவித்தனர் என்னும் வினாக்களைக் கதை பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்புவோர் வாசகரே. அவ்வினாக்களை மனத்தோடு விட்டுவிடாது, தாமே எழுதுகோலை எடுத்து விடைகாண முற்படும் வாசகரின் ஆக்கங்கள் இன்று இரசிகர் புனைவு என்னும் பெயரால் வழங்குகின்றன.

பிறர் படைத்த கதையுலகையும் கதைமாந்தரையும் எடுத்துக்கொண்டு, ஊதியம் கருதாது, அதே கதையில் ஈடுபாடுடைய ஏனைய வாசகர்க்காக எழுதப்படுவது இரசிகர் புனைவாகும். 1966 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரையொட்டி 1967 இல் வெளிவந்த ‘ஸ்பொக்கனேலியா’ என்னும் இரசிகர் சஞ்சிகை, இதன் நவீன வரலாற்றிலே முக்கியமானதொரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. படியெடுத்து அஞ்சலிலே பரிமாறப்பட்ட இவ்வெழுத்து, பிற்காலத்தில் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. 2009 இல் வாசகர்க்குத் திறக்கப்பட்ட ‘ஆர்க்கைவ் ஒவ் அவர் ஓன்’ என்னும் களஞ்சியம், 2019 இல் அறிவியற் புனைகதைத் துறையின் ஹியூகோ விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. எனினும், இதனை இளையோரின் பொழுதுபோக்கெனப் புறந்தள்ளும் மனப்பான்மை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. இரசிகர் புனைவு மனவடுவை எவ்வாறு கையாளுகின்றது என்பதை ஆராய்வதன் மூலம், அதன் வலிமையையும் குறைபாட்டையும் ஒருங்கே இனங்காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரசிகர் புனைவின் மிக முந்திய வகைகளுள் ஒன்று, தமிழிலே ‘காயமும் ஆறுதலும்’ எனக் குறிப்பிடத்தக்கதாகும். கதைமாந்தர் ஒருவர் உடலாலோ உள்ளத்தாலோ காயமுறுகின்றார். மற்றொருவர் அருகிருந்து அவரைத் தேற்றுகின்றார். கமீல் பேக்கன்-ஸ்மித் என்பார் 1992 இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வகையினைக் கவனத்துடன் நோக்குகின்றது. இதன் தோற்றத்துக்கான காரணத்தை அக்காலத் தொலைக்காட்சித் தொடரின் உருவத்திலேயே தேடுதல் வேண்டும். வாரந்தோறும் தனித்தனிக் கதையாக அமைந்த அத்தொடர்களில், சென்ற வாரம் சித்திரவதைக்கு உள்ளான தலைவன் இந்த வாரம் எவ்விதத் தழும்புமின்றிக் கட்டளையிட்டுக்கொண்டிருப்பான். எந்த வாரத்திலும் புதிய பார்வையாளர் வந்து சேரலாம் என்ற வணிகத் தேவையே இம்மறதிக்கு அடிப்படையாக இருந்தது. அம்மறதியை ஏற்க மறுத்த வாசகர், அவருட் பெரும்பாலானோர் பெண்கள், இரு வாரங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலே தமது கதைகளை எழுதினர். ஆகவே, இரசிகர் புனைவு தன் தொடக்க காலந்தொட்டே காயத்துக்கு உரிய காலத்தைக் கோருகின்ற எழுத்தாகவும் இருந்துவந்துள்ளது எனலாம்.

இக்கோரிக்கை மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், ஜே. கே. ரௌலிங்கின் ஹரி பொட்டர் நாவல்களைத் தொடர்ந்து எழுந்த புனைவுகளாகும். 2007 இல் வெளிவந்த ஏழாவது நாவலின் இறுதிப் போர், கதையின் உட்காலக் கணக்கின்படி 1998 மே மாதத்தில் ஹொக்வாட்ஸ் பாடசாலையிலேயே நிகழ்கின்றது. அதனையடுத்து வரும் பின்னுரை, பத்தொன்பது ஆண்டுகளை ஒரே தாவலிற் கடந்து, புகையிரத நிலையத்தில் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு வழியனுப்பி நிற்கும் பெற்றோராக அதே மாந்தரைக் காட்டுகின்றது. மாடிப்படியின் கீழிருந்த அலுமாரியறையிலே வளர்ந்து, பதினேழு வயதிலே சாவை நோக்கித் தானாக நடந்து சென்றவன் ஹரி. பெற்றோரின் நினைவிலிருந்து தன்னைத் தானே அழித்துவிட்டு வந்து, மல்ஃபோய் மாளிகையின் தரையிலே வதைக்கப்பட்டவள் ஹெர்மாயினி. இரட்டைச் சகோதரனைப் பறிகொடுத்தவன் ஜோர்ஜ். இவர்கள் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளையும் எவ்வாறு கடந்தனர் என்பது பற்றி நாவல் மௌனஞ் சாதிக்கின்றது.

மூலநூலாசிரியர் மனவடுவை அறியாதவர் எனக் கூறுவது நேர்மையாகாது. 2003 இல் வெளிவந்த ஐந்தாவது நாவலிலே, வதையினால் சித்தம் சிதைந்து மருத்துவமனையிற் கிடக்கும் தாய், தன்னைக் காணவந்த மகன் நெவிலின் கையிலே சூயிங்கம் சுற்றியிருந்த வெறுந்தாளை வைக்கின்றாள். குப்பையென எறிந்துவிடுமாறு பாட்டி கூறியும், அவன் அதனைச் சட்டைப் பையினுள் வைத்துக்கொள்கின்றான். ஒரு போர் முடிந்து பதினான்கு ஆண்டுகளின் பின்னரும் அது ஒரு குடும்பத்துள் எவ்வாறு வாழ்ந்துகொண்டிருக்கின்றது என்பதை அச்சிறு தாள் உணர்த்திவிடுகின்றது. இவ்வளவு நுண்மையாக எழுதவல்லவர் இறுதியிலே அமைதியான குடும்பக் காட்சியொன்றுடன் நிறைவு கண்டமைக்கு, வீரசாகசக் கதைமரபின் நிர்ப்பந்தமே காரணமாதல் வேண்டும். வெற்றியில் முடிய வேண்டிய கதை, வெற்றியின் விலையை நீண்ட நேரம் எண்ணிக்கொண்டிருக்க இயலாது.

வாசகர் அவ்விலையை எண்ணத் தலைப்பட்டனர். பின்னுரையை முற்றாகத் தள்ளிவிட்டு எழுதப்படும் புனைவுகள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுள்ளும் ‘எட்டாம் ஆண்டு’க் கதைகள் குறிப்பிடத்தக்கவை. ஏழாண்டுக் கல்வியைக் கொண்ட அப்பாடசாலைக்கு, போரினால் ஓராண்டை இழந்த மாணவர் மீண்டும் கற்க வருவதாக இவை கற்பனை செய்கின்றன. சடலங்கள் கிடத்தப்பட்டிருந்த அதே மண்டபத்தில் அமர்ந்து உணவருந்த வேண்டும். நேற்றுவரை எதிரணியில் நின்றவன் இன்று பக்கத்து மேசையில் இருக்கின்றான். சாதாரண ஓசைக்கும் கை ஆயுதத்தைத் தேடுகின்றது. பரீட்சை என்பது பொருளற்றதாகத் தோன்றுகின்றது. ஆயினும் அதற்குப் படிக்கத்தான் வேண்டியிருக்கின்றது. வீரச்செயல் எதுவும் நிகழாத இக்கதைகளிலே, ஓரிரவு முழுவதும் விழிக்காமல் உறங்கிவிடுதலே பெருஞ்செயலாகி விடுகின்றது. மூலக்கதை கடந்துசென்ற காலத்தை நாளாக, மணியாக மீட்டெடுக்கும் இம்முயற்சியே இரசிகர் புனைவின் தலையாய பங்களிப்பு எனலாம்.

தமிழ் வாசகருக்கு இம்முயற்சி முற்றிலும் புதியதன்று. 1943 இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’ இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கம்பனிலே அகலிகையின் சாபம் நீங்கியதும் இராமன் அவளைக் கௌதமனிடம் சேர்ப்பித்துவிட்டு மிதிலைக்குச் செல்கின்றான். காப்பியமும் அவனுடனேயே செல்கின்றது. புதுமைப்பித்தனோ அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றார். கல் பெண்ணாகிய பின்னர் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதே அவருடைய வினா. அவளுடைய அகலிகைக்கு ஆடவர் எல்லோரிடத்தும் இந்திரனின் சாயல் தென்படுகின்றது. பேசும் சொல்லுக்கு வேறு பொருள் இருந்துவிடுமோ என்ற அச்சம் வாயைக் கட்டுகின்றது. ஊரவரின் பார்வை அவளைத் துரத்துகின்றது. கணவனின் பரிவு மெய்யானதே. அது போதியதாக இல்லை. இறுதியிலே சீதையின் தீப்புகுதல் பற்றிச் சீதையின் வாயாலேயே கேட்டறிந்ததும் அவள் மீண்டுங் கல்லாகின்றாள். அகலிகையின் கதை காலந்தோறும் அடைந்த மாற்றங்களைச் சமுதாய நோக்கிலே ஆராய்ந்த பேராசிரியர் க. கைலாசபதியின் கட்டுரை, ‘அடியும் முடியும்’ (1970) என்னும் நூலில் இடம்பெற்றுள்ளமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இரசிகர் புனைவும் இலக்கிய மறுபடைப்பும் உற்பத்தி முறையாலும் வாசகர் கூட்டத்தாலும் வேறுபட்டவை. எனினும், மூலக்கதை விட்டுச்சென்ற காயத்தின் அருகே தங்கிவிடுதல் என்னும் செயல் இரண்டுக்கும் பொதுவானது.

இவ்வொப்பீடு இரசிகர் புனைவின் குறைபாட்டையும் புலப்படுத்துகின்றது. புதுமைப்பித்தனின் கதையிலே பரிவினால் மட்டும் காயம் ஆறுவதில்லை. காயத்தை ஏற்படுத்திய நெறி சமூகத்தில் நிலைத்திருக்கும்வரை பாதிக்கப்பட்டவர்க்கு விமோசனமில்லை என்பது சீதையின் வருகையால் உறுதிப்படுகின்றது. இரசிகர் புனைவுகளிற் பலவோ, காயத்துக்கு அடுத்து ஆறுதல் வந்தே தீர வேண்டும் என்ற வாய்பாட்டினுட் சிக்கிக்கொள்கின்றன. தீக்கனவு கண்டு அலறுபவனைக் காதலர் அணைத்துக்கொள்கின்றார். அடுத்த சில அத்தியாயங்களிற் கனவுகள் நின்றுவிடுகின்றன. மூலக்கதை பத்தொன்பது ஆண்டுகளைத் தாவிக் கடந்தது. இத்தகைய புனைவு அதே தூரத்தை ஓர் அணைப்பினால் கடக்கின்றது. கடக்கும் முறை வேறாயினும், பறிக்கப்படுவது காயப்பட்டவரின் காலமே.

மனவடு பற்றிய அறிவின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பிலேயே, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் தனி நோயாக இடம்பெற்றது. வியற்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரும் அவர்கள் சார்பாக இயங்கியோரும் விடுத்த கோரிக்கை இதற்குப் பெரிதும் காரணமாயிற்று. 1992 இல் ஜூடித் ஹேர்மன் எழுதிய நூல், மீட்சியைப் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயருறல், வாழ்வோடு மீள இணைதல் என மூன்று கட்டங்களாக விளக்கியது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உளமருத்துவப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரின் வடு தனிமனித உள்ளத்தில் மாத்திரமன்றிக் குடும்பத்திலும் சமூகத்திலும் பதிவதனைக் கூட்டு மனவடு என்னுங் கருத்தாக்கத்தால் விளக்கியுள்ளார். காயம் கூட்டாக ஏற்பட்டதாயின், அதன் ஆறுதலை இருவர் தனித்திருக்கும் ஓர் அறைக்குள் முடித்துவிட இயலாது. போர்க்குற்றம், விசாரணை, இழந்தோரின் பெயர்களைப் பொதுவில் உச்சரித்தல் ஆகியவற்றைப் பின்னணி அலங்காரமாக ஒதுக்கிவிட்டுக் காதலை மாத்திரம் மருந்தாக்கும் புனைவு, சமூகக் காயத்தைத் தனிமனிதச் சோகமாகச் சுருக்கிவிடுகின்றது.

சென்லின்யூ என்னும் புனைபெயரில் 2018–2019 காலப்பகுதியில் தொடராக வெளிவந்த ‘மனாக்கிள்ட்’ என்ற நெடும்புனைவை ஈண்டு எடுத்துக்காட்டலாம். இதிலே போரில் தோற்றது ஹரியின் அணி. சிறைப்பட்ட ஹெர்மாயினியின் நினைவின் ஒரு பகுதி அவளிடமிருந்தே மறைந்துகிடக்கின்றது. மனவடுவின் இயல்புகளுள் ஒன்றாகிய நினைவின் பிளவை, கதைப்பின்னலின் அடிப்படையாகவே ஆசிரியர் ஆக்கியுள்ளார். மீட்சிக்குப் பின்னரும் அவளது உள்ளம் முன்போல் ஆவதில்லை. போரில் அவள் ஆற்றிய பங்கையும் வரலாறு பதியாது விடுகின்றது. காயத்துக்குரிய காலத்தை மதிக்கின்ற முடிவு இது. ஆயினும், சிறை வைத்தவனே காதலனாகவும் அமைகின்ற இப்புனைவு, வதையையும் காதலையும் ஒரே மாளிகையிற் குடியமர்த்துகின்றது. கட்டாயத்துக்கும் விருப்புக்கும் இடையிலான கோட்டினைச் சில இடங்களில் அது கூர்மையாகக் கேள்விக்குட்படுத்துகின்றது. வேறு சில இடங்களிலோ காதலின் மாண்பு அக்கோட்டினை மறைத்துவிடுகின்றது. பெயர்களும் உலகும் மாற்றப்பட்டு இக்கதை 2025 இல் ‘அல்கெமைஸ்ட்’ என்ற நாவலாக அச்சேறியமை, இவ்வெழுத்து ஒதுக்கிவிடத்தக்கதன்று என்பதற்குச் சான்றாகும். அதே வேளை, அச்சு வணிகம் இதன் காதலையா காயத்தையா முதன்மைப்படுத்தும் என்ற ஐயத்தையும் அது எழுப்புகின்றது.

இரசிகர் புனைவு வாசகரோடு கொள்ளும் ஓர் ஒழுங்கும் கருதத்தக்கது. மேற்குறித்த களஞ்சியத்திலே கொடிய வன்முறை, முதன்மை மாந்தரின் சாவு, பாலியல் வன்புணர்வு போன்றவை கதையில் இடம்பெறின், அவற்றை முன்கூட்டியே குறிப்பிடுவதற்கு ஏற்பாடுண்டு. குறிப்பிட விரும்பாத ஆசிரியர் தாம் அவ்வெச்சரிக்கையைப் பயன்படுத்தவில்லை என்பதையேனும் அறிவிக்கின்றார். இது கதையின் சுவையைக் கெடுக்கும் என்பார் உளர். சங்கப் பாடலின் கீழுள்ள கூற்றுக் குறிப்பு, யார் யாரிடம் எந்நிலையில் பேசுகின்றார் என்பதை அறிவித்துவிடுவதால் பாடலின் சுவை குன்றிவிடுவதில்லை. மேலும், வாசிப்போருள்ளும் காயப்பட்டோர் இருக்கின்றனர் என்பதை முன்னுணர்ந்து, எதனை எப்போது வாசிப்பது என்ற தெரிவை அவர்க்கே வழங்கும் இவ்வழக்கு, கலைக்கு முரணானதன்று. காயமுற்றவரிடமிருந்து முதலிற் பறிக்கப்படுவது தெரிவு செய்யும் உரிமையே என்பதை எண்ணினால் இதன் பெறுமதி விளங்கும்.

மனவடுவைக் கையாளும் புனைவை மதிப்பிடுகையில், காயம் ஆறியதா என்பதினும், காயத்துக்கு அதன் காலம் வழங்கப்பட்டதா என்பதே முதன்மையான வினாவாதல் வேண்டும். அவ்வினாவுக்கு ஆம் என விடையிறுக்கும் புனைவு, மூலத்தைச் சார்ந்து பிறந்ததெனினும் மூலம் செய்யாததைச் செய்கின்றது. 2009 மே மாதத்திலே போர் முடிந்த ஒரு நாட்டில், முடிவு அறிவிக்கப்பட்ட நாளையும் துயர் முடியும் நாளையும் ஒன்றெனக் கொள்ள இயலாது என்பதை விளக்க வேண்டிய அவசியமில்லை. காணாமற் போனோரின் படங்களை ஏந்திநிற்கும் தாய்மாரின் கதையில் பத்தொன்பது ஆண்டுகளைத் தாவிச் செல்லும் பின்னுரைக்கு இடமேது? சேதமுற்ற பாடசாலைக்குத் திரும்பிவந்து, வெற்றிருக்கைக்கு அருகே அமர்ந்து, மீண்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவர் எந்நாட்டு எழுத்திலே தோன்றினும், அவரை அடையாளங் காண இங்குள்ள வாசகர்க்கு அதிக நேரம் செல்லாது. அவரைப் பற்றி எழுதுவோர், ஆறுதலை அவசரப்படுத்தாது எழுதுவாராயின், அதுவே அவருக்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.